மைப்பேனாவுக்கு உயர்தர நோட்டு: குறையை அறிந்த பிறகு காசைக் கொடுப்பது எப்படி

மைப்பேனாவால் எழுதுகிறவர்கள் நோட்டுக்குக் கொடுக்கும் காசு பல வேளைகளில் தவறான இடத்துக்குப் போய்ச் சேருகிறது. எழுத்து படர்ந்தவுடன் தாள்தான் மோசம் என்று முடிவுகட்டி, இரு மடங்கு விலையில் வேறொரு நோட்டை வாங்குகிறோம். அதிலும் படர்ந்தால் இன்னும் கனமான தாளைத் தேடுகிறோம். கடைசியில் பார்த்தால் குறை மையிலோ நிப்பிலோ இருந்திருக்கும். ஆகவே எழுதும்போது கண்ணில் படும் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணம் என்ன, அதைச் சரிசெய்யக் காசு தேவையா, தேவையென்றால் எதற்குக் கொடுப்பது என்று இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: தாளா, மையா, நிப்பா?

எல்லாக் குறிகளுக்கும் பொதுவான ஒரு சோதனையை முதலில் செய்துகொள்ள வேண்டும். நன்றாக இருப்பதாக உங்களுக்கே உறுதியாகத் தெரிந்த ஒரு தாளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ரோடியா என்ற நோட்டு நிறுவனத்தின் 80 ஜிஎஸ்எம் (தாளின் எடையைச் சொல்லும் அளவு; பின்னால் விளக்குகிறேன்) பேடிலிருந்து கிழித்த தாள்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். அதில் ஒரு முறையும், சந்தேகத்துக்குரிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு முறையும், அதே பேனாவால் "எண்ணெய், இஞ்சி, மிளகாய், கற்கண்டு" என்று எழுதுங்கள். இந்த நான்கு சொற்களிலும் சுழிகளும் மெய்யெழுத்துப் புள்ளிகளும் போதுமான அளவுக்கு இருக்கின்றன. இரண்டு தாளிலும் எழுத்து படர்ந்தால் தாளைக் குறைசொல்லக் கூடாது. பேனாவை மாற்றாமல் மையை மட்டும் மாற்றியும், பிறகு மையை மாற்றாமல் பேனாவை மட்டும் மாற்றியும் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று பிடிபடும்.

எழுத்தின் ஓரம் மயிரிழையாகப் படர்கிறது

தாள் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். அந்த நார்களுக்கு நீரை இழுக்கும் இயல்பு உண்டு. அப்படியே விட்டால் எல்லாத் தாளும் மை ஒற்றும் தாளாகத்தான் இருக்கும். அதைத் தடுக்கக் காகித ஆலையில் கூழிலேயே நீரை விலக்கும் பொருளைக் கலக்கிறார்கள். தாள் உருவான பிறகு அதன் இருபுறமும் மாவுப்பசை பூசி உலர்த்துகிறார்கள். வேட்டிக்குக் கஞ்சி போடுவது போன்ற வேலைதான் இது. கஞ்சி நன்றாகப் பிடித்த தாளில் மை மேலேயே நின்று காய்கிறது; கஞ்சி குறைந்தால் நார் வழியே ஓடுகிறது. உயர்தர நோட்டுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு நியாயமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் இந்தப் பசையேற்றம்தான். தோல் போன்ற அட்டைக்கும் நாடாவுக்கும் எலாஸ்டிக் பட்டைக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை.

தாள் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்று அளப்பதற்கு ஆலைகளில் காப் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட பரப்பில் குறிப்பிட்ட நேரம் நீரை நிறுத்தி, தாளின் எடை எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள். வீட்டில் அதன் எளிய வடிவத்தைச் செய்து பார்க்கலாம். விரல்நுனியில் ஒரு சொட்டு நீர் எடுத்துத் தாளின் மேல் விட்டு, ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். நல்ல தாளில் சொட்டு குவிந்தே நிற்கும். ஒற்றியெடுத்தால் அடியில் ஈரத்தடம் மட்டும் இருக்கும். பசை குறைந்த தாளில் அதற்குள் சொட்டு தட்டையாகி, மறுபுறம் கறுத்துத் தெரியும்.

தாளில் குறையில்லை என்றால் மையைப் பாருங்கள். சில மைகள் தாராளமாக இறங்கும், சில இறுக்கமாக இறங்கும். பெலிகன் 4001 வரிசை இறுக்கமான வகை. சுமாரான தாளில்கூட எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். பைலட்டின் இரோஷிசுகு வரிசை தாராளமானது; அதன் அழகு நல்ல தாளில்தான் தெரியும். அலுவலகத் தாளிலும் பள்ளி நோட்டிலும் எழுத வேண்டிய கட்டாயம் உள்ளவர், ஆயிரம் ரூபாய் விலையுள்ள எழுதும் நோட்டை வாங்குவதற்கு முன் இறுக்கமான மை ஒரு புட்டி வாங்கிப் பார்ப்பது சிக்கனம். நிப்பையும் ஒரு படி குறைக்கலாம். ஜப்பானியப் பேனாக்களின் ஃபைன் நிப்பு ஐரோப்பியப் பேனாக்களின் ஃபைனைவிட மெல்லியதாக இருப்பது வழக்கம். தமிழ் எழுத்துக்கு இது கூடுதலாகப் பொருந்துகிறது: 'ண' என்ற எழுத்தின் சுழிகளும் 'ஞ'வின் உள்வளைவும் பருத்த கோட்டில் அடைந்துபோய், எழுத்தே வாசிக்க முடியாத கறுப்புக் கட்டியாகிவிடும்.

மை மறுபக்கத்தில் புள்ளிபுள்ளியாக இறங்குகிறது

படர்தலும் இறங்குதலும் வேறு வேறு குறைகள். ஓரம் கூர்மையாக இருந்தும் மறுபக்கத்தில் மை தலைகாட்டும் தாள்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் தாளைப் புரட்டி, எந்தெந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். தமிழில் எழுதிய பக்கமானால் பெரும்பாலும் மெய்யெழுத்துகளின் புள்ளி இருக்கும் இடங்களே மறுபுறத்தில் தெரியும். கோடு இழுக்கும்போது நிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. புள்ளி வைக்கும்போது ஒரே இடத்தில் ஒரு கணம் நின்று அழுந்துகிறது. அந்தக் கணத்தில் மை குளமாகிறது. இறங்கியிருப்பது புள்ளிகள் மட்டும்தான் என்றால் நோட்டை மாற்ற வேண்டியதில்லை. புள்ளியை அழுத்திக் குத்தாமல், தொட்டு எடுக்கப் பழகினாலே பெரும்பகுதி நின்றுவிடும். கோடு முழுவதும் தொடர்ச்சியாக இறங்கியிருந்தால் தாள் தாங்கவில்லை என்று பொருள். பக்கம் முழுவதும் அல்லாமல் அங்கங்கே திட்டுத்திட்டாக மட்டும் இறங்கியிருந்தால் பசை சீராகப் பூசப்படவில்லை. அந்த நோட்டைப் பென்சிலுக்கும் பந்துமுனைப் பேனாவுக்கும் ஒதுக்கிவிடுவதே நல்லது.

இங்கே ஜிஎஸ்எம் என்ற எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. அது தாளின் கனத்தைச் சொல்லுமே தவிர அதன் பசையேற்றத்தைச் சொல்லாது. ஜப்பானின் தொமோயே ரிவர் தாள் 52 ஜிஎஸ்எம் மட்டுமே. விரலுக்கிடையில் சருகுபோல் சலசலக்கும் அந்தத் தாளில் பருத்த நிப்பால் எழுதினாலும் மை அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை. இதற்கு மாறாக, அட்டையில் "100 ஜிஎஸ்எம்" என்று பெரிதாக அச்சிட்ட நோட்டு ஒன்றை நான் ஒரு முறை வாங்கி, முதல் பக்கத்திலேயே மை மூன்றாம் பக்கம் வரை இறங்கக் கண்டிருக்கிறேன். அந்த எண் உண்மைதானா என்பதையும் சமையலறைத் தராசிலேயே சரிபார்க்கலாம். ஏ5 தாள் ஒன்று சதுர மீட்டரில் 32இல் ஒரு பங்கு. எனவே 80 ஜிஎஸ்எம் ஏ5 தாள்கள் பத்து சேர்ந்து ஏறக்குறைய 25 கிராம் இருக்க வேண்டும், 100 ஜிஎஸ்எம் என்றால் 31 கிராம். நான் வாங்கிய அந்த நோட்டிலிருந்து பத்துத் தாளைக் கிழித்து நிறுத்தபோது தராசு 24 காட்டியது.

மறுபக்கத்தில் நிழல் மட்டும் தெரிகிறது

மை இறங்கவில்லை, ஆனால் எழுத்தின் நிழல் தெரிகிறது என்றால் அது குறையே அல்ல. தாள் மெல்லியது, ஒளி ஊடுருவுகிறது, அவ்வளவுதான். நிழலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவருக்கு மெல்லிய தாள் நோட்டு நல்ல லாபம். அதே தடிமனில் கூடுதல் பக்கங்கள் கிடைக்கும். பொறுக்க முடியாதவர் அந்த நோட்டை வாங்கவே கூடாது, ஏனெனில் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் எழுதினால் விலை சத்தமில்லாமல் இரட்டிப்பாகிறது. லாய்ஸ்டர்ம்1917இன் ஏ5 நோட்டு 80 ஜிஎஸ்எம் தாளில் 251 பக்கங்களுடன் வருகிறது. அதன் 120 ஜிஎஸ்எம் வகையில் பக்கங்கள் 203 ஆகக் குறைகின்றன. நிழலைக் கண்டு கலங்காதவர்கள் முதல் வகையிலேயே நிற்கலாம்.

மை காயவில்லை, எதிர்ப்பக்கத்தில் ஒட்டுகிறது

பசையேற்றம் நன்றாக இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது. மை உள்ளே போகாதபடியால் மேலேயே நின்று காற்றில் காய வேண்டியிருக்கிறது. நோட்டை மூடியவுடன் எதிர்ப்பக்கத்தில் பிம்பம் விழுகிறது என்பவர்கள் நோட்டைக் குறைசொல்லாமல், ஏடுகளுக்கு இடையில் வைக்க மை ஒற்றும் தாள் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும். பள்ளியில் மை கொட்டிய இடத்தில் சாக்பீஸை உருட்டி ஒற்றியெடுத்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டங்களில் வேகமாகக் குறிப்பெடுத்துப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போகிறவர்களும், எழுதிய வரியின் மேலேயே கை நகரும் இடக்கைப் பழக்கமுள்ளவர்களும், மிக வழவழப்பான தாளைத் தவிர்த்துக் கொஞ்சம் உறிஞ்சும் தாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஜப்பானில் 1975 முதல் விற்கப்படும் கொக்குயோவின் கேம்பஸ் நோட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண நோட்டுதான். ஆனால் மைப்பேனாவையும் தாங்குகிறது, விரைவாகவும் காய்கிறது.

பக்கத்தின் அடிப்பகுதியில் மட்டும் பேனா தாண்டுகிறது

மேல்பாதி சீராக எழுதி, கீழே வரவர எழுத்து விட்டுவிட்டு விழுந்தால் காரணம் உங்கள் கைதான். மேலே எழுதும்போது உள்ளங்கையின் ஓரம் கீழ்ப்பகுதியில் பதிந்து, வியர்வையையும் தோலின் எண்ணெய்ப்பசையையும் தாளில் பூசிவிடுகிறது; நீரில் கரைந்த மை அந்த எண்ணெய்ப் படலத்தில் பிடிப்பதில்லை. சித்திரை வெயிலில் இது இன்னும் கூடும். கைக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து எழுதினால் அன்றே நின்றுவிடும். பக்கத்தின் எந்த இடத்திலும் எழுத்தின் தொடக்கக் கோடு மட்டும் விழாமல் போனால் அது நிப்பின் முனைக் குறை. வழவழப்பான தாள் அதைக் காட்டிக்கொடுக்கிறது. நிப்பைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

விரித்து வைத்தால் நோட்டு மூடிக்கொள்கிறது

தையல் நோட்டா, பசை நோட்டா என்று முதலில் பாருங்கள். முதுகின் மேல்விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால், தைத்த நோட்டில் மடித்த தாள்கள் சிறுசிறு கட்டுகளாக வளைந்து நிற்பது தெரியும். பசை போட்ட நோட்டில் தாள்கள் தனித்தனியாக ஒரே நேர்கோட்டில் வெட்டி நிற்கும். தினமும் எழுதும் நோட்டுக்குத் தையலுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது தகும். மிதோரியின் எம்டி நோட்டு அட்டையலங்காரம் எதுவுமின்றித் தைத்த முதுகை வெளியே காட்டிக்கொண்டு 176 பக்கங்களுடன் வருகிறது. காசு எங்கே போயிருக்கிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது.

தைத்தும் மடங்க மறுக்கிறது என்றால் நாரின் போக்கு குறுக்கே இருக்கிறது. அச்சகத்தார் இதைக் கிரெயின் என்பார்கள். ஆலையில் கூழ் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் தாள் எளிதாக வளையும், குறுக்கே மடித்தால் விறைக்கும். முதுகுக்கு இணையாக நார் ஓடினால்தான் பக்கங்கள் பணிந்து விழும். கடையில் நிற்கும்போதே ஒரு தாளை உடையாதபடி மெல்ல வளைத்துப் பார்த்து இதை உணரலாம்.

அதே நோட்டு, இந்த முறை மட்டும் மோசமாக இருக்கிறது

இரண்டு காரணங்கள் இருக்கலாம். நிறுவனம் தாளை வாங்கும் ஆலை மாறியிருக்கலாம். அட்டையில் அதை யாரும் அச்சிடுவதில்லை. ஆகவே பிடித்த நோட்டை ஒரே தடவையில் பத்து வாங்குவதற்கு முன், அதே கட்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும். மற்றொரு காரணம் ஈரம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரோரம் வைத்த நோட்டு காற்றின் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. கோடையில் கூர்மையாக நின்ற அதே மை அப்போது படர்கிறது. நோட்டைக் குப்பையில் போடுவதற்கு முன், நெகிழிப் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் சில நாள்கள் மூடிவைத்து மறுபடி எழுதிப் பாருங்கள். எனக்கு அப்படித் திரும்பக் கிடைத்த நோட்டுகள் உண்டு.

தாள் நன்றாக இருக்கிறது, விலைதான் தாங்கவில்லை

இங்கே கணக்குப் போட்டே ஆக வேண்டும். அட்டையில் போட்ட விலையை ஒப்பிடக் கூடாது. எழுதத்தக்க ஒரு பக்கத்துக்கு என்ன விலை என்று ஒப்பிட வேண்டும். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். 1,200 ரூபாய் கெட்டியட்டை நோட்டில் 192 பக்கங்கள், இரண்டு புறமும் எழுதலாம்: பக்கத்துக்கு 6 ரூபாய் 25 காசு. 400 ரூபாய் நோட்டில் 160 பக்கங்கள், ஆனால் மை இறங்குவதால் ஒரு புறமே பயன்படும்: பக்கத்துக்கு 5 ரூபாய். மலிவு என்று நினைத்து வாங்கியதற்கும் விலையுயர்ந்ததற்கும் இடையே இருந்த மூன்று மடங்கு வேறுபாடு ஒன்றேகால் ரூபாயாகச் சுருங்கிவிட்டது. 500 ரூபாய்க்கு 80 தாள் கொண்ட பேட், இரண்டு புறமும் எழுதலாம் என்றால் பக்கத்துக்கு 3 ரூபாய் 12 காசுதான்.

பக்கத்தின் அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏ4 பக்கம் ஒன்று ஏ5 பக்கம் இரண்டுக்குச் சமம். ஏ6 ஏ5இல் பாதி. பை அளவு நோட்டுகள் மலிவாகத் தோன்றுவதன் ரகசியம் இதுவே. வரி இடைவெளியும் பொருட்டுதான்: 8 மில்லிமீட்டர் இடைவெளியில் மூன்று வரி எழுதும் இடத்தில் 6 மில்லிமீட்டர் கோட்டில் நான்கு வரி எழுதலாம். சிறு எழுத்து எழுதுபவர் அகலக் கோட்டு நோட்டை வாங்கினால் நான்கில் ஒரு பங்கு தாள் வெற்றிடமாகப் போகிறது.

மேலே பேடுக்குக் கிடைத்த குறைந்த விலை தற்செயல் அல்ல. ரோடியா பேடிலும் அதன் கெட்டியட்டை நோட்டிலும் இருப்பது பிரான்சின் கிளேர்ஃபோன்டைன் ஆலைத் தாளே; 1858இல் தொடங்கிய அந்த ஆலையின் குழுமத்தில் 1997 முதல் ரோடியாவும் இருக்கிறது. பேடில் 80 ஜிஎஸ்எம், கெட்டியட்டை நோட்டில் தந்த நிறத்தில் 90 ஜிஎஸ்எம் என்ற வேறுபாடு உண்டு. ஆனால் எழுத்தின் கூர்மையில் எனக்கு அதனால் பெரிய மாற்றம் தெரிந்ததில்லை. ஆகவே வீட்டில் மேசையில் எழுதுபவர், பயணத்தில் கெட்டியட்டை தேவைப்படாதவர், பேடையோ நடுவில் பின் அடித்த மெல்லிய நோட்டையோ வாங்கினால் அட்டைக்கான செலவு மிச்சம். மேல்விளிம்பில் பின் அடித்த பேடில் பின்புறம் எழுதுவது சற்றுக் கைக்கு வசதிக்குறைவு என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இன்னும் குறைக்க வேண்டுமானால் ரீமாக, அதாவது 500 தாள் கட்டாக, தாள் வாங்கி நோட்டாகக் கட்டிக்கொள்வதே வழி. தினம் நான்கைந்து பக்கம் எழுதுபவர்களுக்கு இதைத்தான் நான் மனமார்ந்து பரிந்துரைப்பேன். காகிதக் கடையில் எக்ஸிகியூட்டிவ் பாண்ட், லெட்ஜர், மேப்லித்தோ, காப்பியர் என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு தாள் சில்லறையாக வாங்கி வந்து அந்த நான்கு சொற்களை எழுதிப் பாருங்கள். லெட்ஜர் தாள் கணக்குப்பிள்ளைகள் மைப்பேனாவால் பேரேடு எழுதுவதற்கென்றே பசை கூட்டிச் செய்யப்பட்டது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984 முதல் தாள் தயாரித்துவரும் டிஎன்பிஎல் (தமிழ்நாடு நியூஸ்பிரிண்ட் அண்ட் பேப்பர்ஸ்), கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது. சக்கையின் நார் குட்டையானது, தாளின் இடைவெளிகளை நெருக்கமாக நிரப்பும். அதன் தாளையும் சோதனைக் கட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயரானாலும் எழுதிப் பார்க்காமல் ரீமை வாங்கக் கூடாது.

500 தாள் கொண்ட ஏ4 ரீம் 600 ரூபாய், நூறு தாளுக்கு ஒன்றாக ஐந்து நோட்டு, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 900 ரூபாய்க்கு ஆயிரம் ஏ4 பக்கங்கள் கிடைக்கின்றன. ஒரு பக்கம் 90 காசு. ஏ5 அளவில் சொன்னால் 45 காசு. ஏ4 காப்பியர் தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், நீள ஓரத்தில் ஸ்பைரல் போட்டால் பக்கங்கள் பணிந்து விழும், நோட்டும் முழுவதுமாக மடங்கும். அதே தாளை நடுவில் மடித்து ஏ5ஆகத் தைக்கச் சொன்னால் நார் முதுகுக்குக் குறுக்கே போய்விடும், பக்கங்கள் விறைத்து நிற்கும். தைத்த ஏ5 நோட்டுதான் வேண்டும் என்பவர்கள் பைண்டரிடம் பெரிய தாளாக வாங்கி, நார் முதுகோடு ஓடும்படி வெட்டித் தரச் சொல்ல வேண்டும். காலிகோ துணி முதுகும் கெட்டியட்டையும் போட்டாலும் கூலி அந்த அட்டைக்குத்தான் கூடுமே ஒழிய தாளுக்குக் கூடாது.

கட்டி வாங்கிய நோட்டின் கடைசித் தாளில் அதே எண்ணெய், இஞ்சி, மிளகாய், கற்கண்டை எழுதி, பக்கத்தில் மையின் பெயர், நிப்பின் அளவு, கடையின் பெயர், தாளின் விலை, வாங்கிய மாதம் ஆகியவற்றைக் குறித்துவைக்கிறேன். அடுத்த ரீமுக்குப் போகும்போது அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து, மடித்துச் சட்டைப்பையில் எடுத்துப் போகிறேன்.